எக்ஸ்பிரஸ் பஸ் விட்டால் கூடுதல் கட்டணம் வாங்கலாமா? யாங்கோன் (மியான்மரின் பழைய ரங்கூன்) பஸ் பயணிகள் பேசுகிறோம்

சிரியம் வாசி
2019 ஜூலை 14, ஞாயிறு, காலை 7.40

எல்லோருக்கும் வணக்கம். நான் சிரியத்திலிருந்து (இப்போது தன்லின்) தினமும் டவுன் நடுவில் சூலே பக்கம் வேலைக்குப் போகிறவள். எட்டு மணி வேலைக்கு ஐந்தே முக்காலுக்கே வீட்டை விட்டு இறங்க வேண்டியிருக்கிறது. பாலம் தாண்டும் வரை பஸ் நன்றாகத்தான் ஓடும். அப்புறம் தாக்கேத்தாவில் ஒரு கூட்டம் ஏறும். தாம்வே பக்கம் பாதிப் பேர் இறங்குவார்கள், அதே அளவு ஏறுவார்கள். உட்கார இடம் கிடைத்த நாளை விரல் விட்டு எண்ணலாம். இந்த மழையில் ஜன்னலையும் சாத்திவிடுவதால் உள்ளே மூச்சு முட்டுகிறது.

என் கேள்வி இதுதான். சிரியம், லாய்ங்தாயா, தெற்கு டகோன் மாதிரி தூரத்து ஊர்களிலிருந்து ஐந்தாறு நிறுத்தங்களில் மட்டும் நிற்கிற எக்ஸ்பிரஸ் பஸ் விட்டு, 200 கியாட்டுக்குப் பதில் 400 வாங்கினால் தப்பா?

நான் கொடுப்பேன். போன வருடம் வரை ஃபெர்ரியில் போய்க்கொண்டிருந்தேன். (வெளியூர்க்காரர்களுக்கு: இங்கே ஃபெர்ரி என்றால் படகு இல்லை. ஆபீஸுக்கும் பள்ளிக்கும் மாத வாடகை பேசி ஆள் ஏற்றிப் போகிற வண்டி.) அதற்கு மாதம் 45,000 கொடுத்தேன். எக்ஸ்பிரஸில் போக 400, வர 400 என்றால் 24 வேலை நாளுக்கு 19,200. ஃபெர்ரியில் பாதிகூட இல்லை. என்னைப் போல் நிறையப் பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். நீங்கள் சொல்லுங்கள்.

பழைய ஸ்பேர்
ஜூலை 14, காலை 9.15

மகளே, உன் அவஸ்தை எனக்குப் புரிகிறது. ஆனால் இது புது யோசனை இல்லை, நான் இதிலேயே பிழைத்தவன்.

இருபது வருடத்துக்கு மேல் லைன் பஸ்ஸில் ஸ்பேராக இருந்தேன். கண்டக்டரை இங்கே ஸ்பேர் என்றுதானே சொல்வோம். லைன் பஸ்களை மேற்பார்வை செய்த மத்தத கமிட்டி காலத்தில் 'அத்தூ' என்று ஒரு வகை பஸ் ஓடியது. பர்மியத்தில் ஸ்பெஷல் என்று அர்த்தம். நிறுத்தம் குறைவு, காசு கூட. கேட்க நன்றாக இருக்கிறதா? நடந்தது என்ன என்று சொல்கிறேன்.

வண்டி முதலாளிக்கு நாள் வாடகை கட்ட வேண்டும். டீசல் எங்கள் கணக்கு. மிச்சம் இருந்தால்தான் டிரைவருக்கும் எனக்கும் கூலி. அப்படி இருக்கும்போது 'அத்தூ' போர்டு மாட்டிய வண்டி, கை காட்டுகிற ஆளை விட்டுவிட்டுப் போகுமா? போகாது. ஸ்பெஷல் காசு வாங்கிக்கொண்டு எல்லா நிறுத்தத்திலும் நின்றோம். கூட்டம் அதிகமான மாலை நேரத்தில் சாதாரண வண்டியிலேயே 'அத்தூ, அத்தூ' என்று கத்தினோம். நானும் கத்தியிருக்கிறேன். வயதானவர்கள் கையில் காசு போதாமல் இறங்கிப் போனதை இந்தக் கண்ணால் பார்த்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு உறுத்துகிறது.

அந்த வண்டிகளே வேறு மாதிரி. நம் நாட்டில் 1970இல் இடப்பக்கப் போக்குவரத்தை வலப்பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். வந்து இறங்கியதோ ஜப்பானில் ஓடித் தேய்ந்த பஸ்கள், கதவு இடப்பக்கம். எத்தனையோ வண்டிகளில் ஜனங்கள் நடுரோட்டில் நின்றுதான் ஏறி இறங்கினார்கள். ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு மறு கையால் குழந்தைகளை இழுத்துப் போட்டிருக்கிறேன். சரி, அது வேறு கதை.

2017 ஜனவரி 16 அன்று ஒய்.பி.எஸ் (யாங்கோன் பஸ் சர்வீஸ்) வந்தது. முன்னூறுக்கு மேல் இருந்த லைன்களை எழுபது சொச்சமாகச் சுருக்கினார்கள். ஸ்பேர் போய், முன் கதவருகே காசுப் பெட்டி வந்தது. என் வேலையும் போனது. இருந்தாலும் சொல்கிறேன், பெரும்பாலான தடங்களில் 200 என்று ஒரே விலை வைத்தது நல்ல காரியம். ஏறும்போதே எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது. அதில் போய் இரண்டாவது விலை ஒன்றைச் செருகினால், நிறுத்தத்தில் வண்டி நிற்கிறதா இல்லையா என்று யார் பார்ப்பது?

காளி கோயில் பூக்கடை
ஜூலை 14, பகல் 1.30

அம்மா சொல்லச் சொல்ல மகன் எழுதுகிறேன்.

நாங்கள் இன்செயினில் இருக்கிறோம். அம்மா விடியற்காலையில் திரி மிங்கலா மார்க்கெட்டில் பூ எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, அனோரத்தா ரோட்டில் கோயில் பக்கம் வந்து மாலை கட்டி விற்கிறார். மார்க்கெட்டுக்கு ஒன்று, டவுனுக்கு ஒன்று, திரும்பி வர ஒன்று. ஒரு நாளைக்கு மூன்று பஸ், 600 கியாட். இதுவே 1,200 ஆனால் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு போச்சு.

"வேண்டுமென்றால் சாதாரண பஸ்ஸில் வாருங்கள், யார் வேண்டாம் என்றது?" என்று கேட்பீர்கள். அந்தச் சாதாரண பஸ் வருமா? அதுதான் அம்மாவின் பயம். இருக்கிற நல்ல வண்டியை எல்லாம் 400 ரூட்டுக்கு அனுப்பிவிட்டு, கதவு ஆடுகிற வண்டியை எங்களுக்கு விடுவார்கள். கூடையோடு முக்கால் மணி நேரம் நின்றால் மல்லிகை வாடிவிடும். வாடின பூவை சாமிக்கு யார் வாங்குவார்கள்?

கணக்குப் பேரேடு
ஜூலை 14, மாலை 6.05

நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன், அதனால் அந்த வழியில் யோசித்துப் பார்த்தேன். சிரியம் தங்கை கேட்டதில் நியாயம் இருக்கிறதா என்று பஸ் முதலாளியின் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும்.

ஒரே விலை என்றால் எவ்வளவு தூரம் போனாலும் 200தான். அப்போது முதலாளிக்கு யார் லாபம்? நான்கு நிறுத்தம் போய் இறங்கிவிடுகிற ஆள்தான். அவர் இறங்கிய இடத்தில் இன்னொருவர் ஏறுவார், அங்கே இன்னொரு 200. சிரியத்தில் ஏறி சூலே வரை அசையாமல் உட்கார்ந்து வருகிறவர் ஒரே ஒரு 200. எக்ஸ்பிரஸ் என்றால் வண்டி முழுக்க இப்படிப்பட்டவர்கள்தான்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கு. எல்லா நிறுத்தத்திலும் நிற்கிற வண்டி ஒரு நடைக்கு 95 நிமிடம் எடுத்துக்கொள்கிறது, ஏறி இறங்குகிறவர்கள் மொத்தம் 90 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நடைக்கு 18,000. பத்து மணி நேரத்தில் ஆறு நடை, 1,08,000. எக்ஸ்பிரஸில் 45 பேர்தான், ஆனால் 75 நிமிடத்தில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. பத்து மணி நேரத்தில் எட்டு நடை. 200 படி வாங்கினால் 72,000. கட்டாது. 300 வாங்கினால் 8 × 45 × 300, அதே 1,08,000.

ஆகவே கொஞ்சம் கூட வாங்கினால்தான் எக்ஸ்பிரஸ் ஓடும், அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால் இரு மடங்கு வேண்டாம். வேகமாகப் போகிற வண்டி ஒரு நாளில் கூடுதல் நடை அடிக்கிறது, டிரைவர் சம்பளம் அதே நாளுக்குள் முடிந்துவிடுகிறது. வேகத்தால் முதலாளிக்கு மிச்சமாவதைப் பயணிக்கும் பகிர்ந்து கொடுக்கத்தான் வேண்டும்.

லேடான் மாணவன்
ஜூலை 14, இரவு 8.50

அண்ணன் கணக்கு சரி. ஆனால் வேகம் யாருடையது என்று யாரும் கேட்கவில்லையே?

2016 பிப்ரவரியில் பி.ஆர்.டி லைட் என்று விட்டார்கள், ஞாபகம் இருக்கிறதா? பியே ரோட்டிலும் கபா ஏ பகோடா ரோட்டிலும் ஓடிய ஏ.சி பஸ். கட்டணம் 300. நான் அப்போது பத்தாம் வகுப்பு. ஸ்பேர் கத்தல் இல்லை, ஓட்டப் பந்தயம் இல்லை, ஆள் ஏறி முடித்த பிறகுதான் வண்டி நகர்ந்தது. அம்மாவும் நானும் அந்த 300ஐ மனசாரக் கொடுத்தோம். ஆனால் வேகமாகப் போனதா? இல்லை. பி.ஆர்.டி என்றால் பஸ்ஸுக்கு என்று தனிப் பாதை இருக்க வேண்டும், இங்கே அது கிடையாது. லைட் என்று பெயர் வைத்ததே அதனால்தான். லேடான் சந்திப்பு வந்ததும் காரோடு காராக அதுவும் நின்றது.

ரோடு எல்லோருக்கும் பொது. ஒரு பஸ்ஸில் அறுபது பேர் போகிற இடத்தை இரண்டு மூன்று கார் அடைத்துக்கொண்டு நிற்கின்றன. பஸ்ஸுக்கு என்று ஒரு பாதை ஒதுக்கினால் 200 கொடுக்கிறவரும் சீக்கிரம் போவார். அதைச் செய்யாமல் 400 கொடுத்தால் வேகம் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இந்த ஊரில் 2003 முதல் மோட்டார் சைக்கிளும் ஓட்ட முடியாது. பஸ்ஸை விட்டால் டாக்சி, நடுவில் வேறு வழியே இல்லை. வழியில்லாதவர்களிடம் விலை ஏற்றுவது ரொம்ப சுலபம், அதனால்தான் யோசித்துச் செய்ய வேண்டும் என்கிறேன்.

வியாசர்பாடி பேரன்
ஜூலை 15, காலை 10.20

சென்னையிலிருந்து எழுதுகிறேன். தாத்தா பாட்டி அறுபதுகளில் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தவர்கள். உங்கள் இழைகளை விடாமல் படிப்பேன்.

இங்கே நீங்கள் பேசுவது எல்லாம் நடந்துகொண்டிருக்கிறது. ஒரே ரோடு, ஒரே தூரம், ஆனால் சாதாரணம், எக்ஸ்பிரஸ், டீலக்ஸ் என்று விலை வேறு வேறு. சாதாரண பஸ்ஸுக்கு வெள்ளை போர்டு. என் அம்மா வெள்ளை போர்டு வருகிற வரை நிறுத்தத்தில் நிற்பார். இரண்டு டீலக்ஸ் போகும், ஒரு எக்ஸ்பிரஸ் போகும், வெள்ளை போர்டு வராது. கடைசியில் நேரமாகிவிட்டதே என்று டீலக்ஸில் ஏறுவார். டீலக்ஸும் பல இடங்களில் அதே நிறுத்தங்களில்தான் நிற்கிறது. 2018 ஜனவரியில் கட்டணத்தை ஏற்றியபோது மாணவர்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள், சில நாளில் கொஞ்சம் குறைத்தார்கள். ஆனால் வெள்ளை போர்டுக்குக் காத்திருப்பது மட்டும் மாறவில்லை.

பூக்கடை அம்மா பயப்படுவது நியாயம். எக்ஸ்பிரஸ் விடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு மணி நேரத்துக்கு இத்தனை சாதாரண வண்டி என்று முதலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் ஒப்புக்கொண்டால் எங்கள் கதைதான் உங்களுக்கும்.

ஜூரோங் ஷிப்ட்
ஜூலை 15, இரவு 11.40

நான் தாம்வேயில் பிறந்து இப்போது சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். இங்கே எக்ஸ்பிரஸ் பஸ்ஸுக்குச் சாதாரண பஸ்ஸைவிடக் கூடுதல் கட்டணம் உண்டு. யாரும் சண்டை போடுவதில்லை. ஏனென்றால் கார்டைத் தட்டினால் தூரத்துக்கு ஏற்றபடி காசு கழிகிறது, எக்ஸ்பிரஸுக்கு அதோடு கொஞ்சம் சேர்கிறது, அவ்வளவுதான். வேண்டாம் என்றால் சாதாரண பஸ்ஸும் ரயிலும் இருக்கின்றன, அவை நேரத்துக்கு வருகின்றன. சம்பளம் வருவதற்கு முந்தின வாரம் நான் சாதாரண பஸ், மற்ற நாளில் எக்ஸ்பிரஸ்.

யாங்கோனில் சர்க்கிள் ரயில் இருக்கிறதே. 200 கியாட்டில் ஊரையே சுற்றி வரலாம், ஆனால் ஒரு சுற்றுக்கு மூன்று மணி நேரம். அது வேகமாக ஓடினால் இன்செயின்காரர்களுக்குப் பஸ் பேச்சே தேவைப்படாது. சிரியத்துக்கு அது உதவாது, தெரியும்.

சிரியம் வாசி
ஜூலை 16, காலை 6.30 (பஸ்ஸிலிருந்து)

எல்லோருக்கும் நன்றி. பூக்கடை அம்மா எழுதியதைப் படித்துவிட்டு நேற்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நான் 400 கொடுப்பேன் என்று எழுதியபோது என் பக்கத்தில் கூடையோடு நிற்கிற பெண்களை நினைக்கவில்லை. அது என் தப்பு.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். கூடுதல் விலை வேண்டாம் என்று நாம் சொல்வதால் கூடுதல் விலை இல்லாமல் போய்விடவில்லை. கையில் காசு இருக்கிறவர்கள் ஏற்கெனவே ஃபெர்ரிக்குப் போய்விட்டார்கள். காலையில் சூலே பக்கம் வந்து பாருங்கள், பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்த ஃபெர்ரி வண்டிகள் வரிசையாக நிற்கும். அத்தனையும் ரோட்டை அடைக்கின்றன. விமான நிலையத்துக்கு 500 கியாட் ஷட்டில் ஓடுகிறது, அதை யாரும் குறை சொல்லவில்லை. பையை வைக்க இடம் இருக்கிறது, உட்கார இடம் இருக்கிறது. ஃபெர்ரியில் போகிறவர்களைப் பொது பஸ்ஸுக்கு இழுத்தால் ரோட்டில் வண்டி குறையும், எல்லோருக்கும் நல்லதுதானே?

பழைய ஸ்பேர்
ஜூலை 16, பகல் 12.10

ஷட்டிலை ஏன் யாரும் குறை சொல்லவில்லை தெரியுமா? அதில் கொடுக்கிற காசுக்கு என்ன கிடைக்கிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது. அதே வழியில் 200 பஸ்ஸும் ஓடுகிறது. ஷட்டில் வந்ததால் அது நிற்கவில்லை.

அப்படி என்றால் நான் ஒப்புக்கொள்கிறேன். வேகத்துக்குக் காசு வாங்காதே, ஏனென்றால் மழையும் டிராபிக்கும் டிரைவர் கையில் இல்லை. இருக்கைக்கு வாங்கு. நாற்பது இருக்கை என்றால் நாற்பது பேர், ஒருவரும் நிற்கக் கூடாது. நின்றுகொண்டு போகிற ஆளிடம் எக்ஸ்பிரஸ் காசு வாங்கினால் அது என் 'அத்தூ' மாதிரிதான் ஆகும். இடம் இருக்கிறதா இல்லையா என்று ஏறுகிற ஆளுக்கே தெரியும், அதனால் பார்த்துக்கொள்ளத் தனியாக அதிகாரி வேண்டியதில்லை.

காளி கோயில் பூக்கடை
ஜூலை 16, இரவு 9.00

அம்மாவிடம் ஐயா எழுதியதைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "பீலிக்கான் முனீஸ்வரர் கோயிலுக்குப் பாட்டியைக் கூட்டிப் போகணும். முட்டி வலியோடு அவ்வளவு தூரம் நிற்க முடியாது என்று இரண்டு வருடமாகப் போகவே இல்லை. உட்கார்ந்து போகலாம் என்றால் அன்றைக்கு ஒரு நாள் 400 கொடுப்பேன். தினமும் கொடுக்க மாட்டேன். என் 200 பஸ்ஸைத் தொடாதே."

லேடான் மாணவன்
ஜூலை 16, இரவு 9.25

அம்மாவுக்கு வணக்கம். நான் கோபமாக எழுதியிருந்தால் மன்னிக்கவும். இருக்கைக்குக் காசு என்பது எனக்கும் சரியாகத்தான் படுகிறது. பஸ் பாதை பற்றிச் சொன்னதை மட்டும் விட மாட்டேன்.

சிரியம் வாசி
ஜூலை 23, செவ்வாய், இரவு 8.15

ஒரு வாரமாக எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. கணக்கு அண்ணன் 95 நிமிடம், 75 நிமிடம் என்று எடுத்துக்காட்டு சொன்னார் அல்லவா? உண்மையில் எவ்வளவு என்று பார்க்கத் தோன்றியது. புதன் முதல் இன்று வரை, ஞாயிறு தவிர ஆறு நாள் காலையில், பஸ் நின்ற நேரத்தை எல்லாம் போனில் குறித்தேன். நிறுத்தத்தில் நின்றது தனி, சிக்னலிலும் நெரிசலிலும் நின்றது தனி.

சராசரியாக ஒரு நடைக்கு 95 நிமிடமே வந்தது, அண்ணன் எப்படிச் சரியாகச் சொன்னார் என்று தெரியவில்லை. அதில் நிறுத்தங்களில் கதவு திறந்து நின்றது 22 நிமிடம். சிக்னலிலும் நெரிசலிலும் நின்றது 38 நிமிடம். மழை கொட்டிய வெள்ளிக்கிழமை நெரிசலே 50 தாண்டியது. எக்ஸ்பிரஸ் என்றாலும் ஐந்தாறு நிறுத்தம் உண்டு, அதற்கு ஆறு நிமிடம் வைத்தால் எனக்கு மிச்சமாவது 16 நிமிடம்தான்.

இவ்வளவு நாளும் நிறுத்தங்கள்தான் என் நேரத்தைத் தின்கின்றன என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தம்பி லேடான் சொன்னது சரி. பதினாறு நிமிடத்துக்கு நான் கூடக் கொடுக்க மாட்டேன். உட்கார இடத்துக்குக் கொடுப்பேன்.

கணக்குப் பேரேடு
ஜூலை 23, இரவு 10.00

தங்கை, நான் நினைத்ததைவிட நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். உங்கள் எண்ணை வைத்து மறுபடி போட்டேன். 79 நிமிடம் என்றால் பத்து மணி நேரத்தில் எட்டு நடை வராது, ஏழுதான். 7 × 45 × 300 என்றால் 94,500. 1,08,000 வர வேண்டுமானால் ஆளுக்கு 343 வாங்க வேண்டும். பழைய ஸ்பேர் அண்ணன் சொன்னபடி நாற்பது பேரோடு நிறுத்தினால் 386. ஆக, 300 போதும் என்று நான் சொன்னது தவறு. உட்கார்ந்து போகிற எக்ஸ்பிரஸுக்கு 400 கிட்டத்தட்ட நியாயமான விலைதான். 350 என்று வைத்தாலும் பெட்டியில் போட 50 கியாட் நோட்டுக்கு எங்கே போவது?

பழைய ஸ்பேர்
ஜூலை 24, காலை 7.05

மகளே, அந்த 22 நிமிடத்தை இன்னும் கொஞ்சம் பிரித்துப் பார். ஆள் ஏறுகிற நேரம் எவ்வளவு, பெட்டி முன்னால் நின்று பையைத் துழாவுகிற நேரம் எவ்வளவு? நான் ஸ்பேராக இருந்தபோது ஜனம் இரண்டு கதவிலும் ஏறும், காசை ஓடுகிற வண்டியில் வாங்குவேன். இப்போது எல்லோரும் முன் கதவில் வரிசை. 500 நோட்டை வைத்துக்கொண்டு பின்னால் ஏறுகிறவரிடம் சில்லறை கேட்டு நிற்கிறார்கள். கார்டு வரும் வரும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். வந்து இரண்டு கதவிலும் வைத்தால் உன் பஸ்ஸும் பூக்கடை அம்மாவின் பஸ்ஸும் சேர்ந்து சீக்கிரம் போகும், யாரும் ஒரு கியாட் கூடக் கொடுக்க வேண்டாம்.

சிரியம் வாசி
ஜூலை 24, காலை 7.50

இறங்கப் போகிறேன் ஐயா. இன்று தாக்கேத்தாவில் மட்டும் எண்ணினேன். பதினான்கு பேர் ஏறினார்கள், இரண்டு நிமிடம் பத்து விநாடி. அதில் ஐந்து பேர் சில்லறைக்காக நின்றார்கள். நாளை முதல் எல்லா நிறுத்தத்திலும் குறிக்கிறேன். லேடான் தம்பி, பியே ரோட்டில் நீங்களும் ஒரு வாரம் குறித்துக் கொடுக்க முடியுமா?